கட்டிப் பார்க்காத பொம்மை

முயல் தயாராகிவிட்டது. காது இரண்டு, வால் ஒன்று, கழுத்தில் நீல நாடா, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஆனாலும் வாங்க வந்தவர் வாசலில் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். பொம்மையம்மா இன்னும் கட்டிப் பார்க்கவில்லை. முயலைத் தூக்கி மார்போடு அணைத்து, அதன் தலையில் தாடையைப் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுகிறார். பெரும்பாலும் ஐந்து முடிந்ததும் தலையசைத்துக் கொடுத்துவிடுவார். சில நாள் முகத்தைச் சுளித்து, "இடுப்புல பஞ்சு பத்தலை, நாளைக்கு வாங்களேன்" என்று பொம்மையோடு உள்ளே போய்விடுவதும் உண்டு. "பொம்மை பாக்கறதுக்கா? கட்டிக்கறதுக்குத்தானே. அப்ப கட்டித்தான பாக்கணும்" என்பது அவர் கட்சி.

எங்கள் குடியிருப்பில் அவர் மூன்றாம் மாடி. நான் நேர் கீழே, இரண்டாம் மாடி. அச்சகத்தில் பிழை திருத்தித் திருத்திக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஓய்வு பெற்றவன். யாராவது தப்பு செய்தால் என் கை தானாகப் பேனாவைத் தேடும். அவர் வீட்டுத் துணிக்கொடியிலிருந்து சொட்டும் சோப்புத் தண்ணீர் என் பால்கனிச் செடியின் தலையில் விழுகிறது என்று சண்டை போடத்தான் முதலில் போனேன். கதவைத் திறந்தவர் கையில் ஒரு துணி யானை இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "சார், இதோட தும்பிக்கை கோணலா இருக்கா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார். கோணலாகத்தான் இருந்தது. சொன்னேன். அன்று முதல் கோணல் பார்க்கும் உத்தியோகம் எனக்கு. செடி செத்துப்போனதே தவிர சண்டை நடக்கவே இல்லை.

பொம்மையம்மா இரண்டாவது குழந்தை பிறந்தபோது வேலையை விட்டவர். வீட்டில் சும்மாதான் இருக்கிறீர்களா என்று யாராவது கேட்டால் கோபப்பட மாட்டார். "ஆமாங்க, சும்மாதான் இருக்கேன். உக்காரத்தான் நேரம் கிடைக்கல" என்பார். புதுத் துணியில் அவர் பொம்மை செய்வதில்லை. பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன கவுன், முழங்கால் கிழிந்த பள்ளிச் சீருடை, தொட்டிலில் விரித்த துணி என்று தூக்கிப் போட மனம் வராததையெல்லாம் அக்கம்பக்கத்தார் அவரிடம் கொண்டுவந்து தருகிறார்கள். அது பத்து நாளில் கரடியாகவோ பூனையாகவோ திரும்பிப் போகிறது.

காலையில் டிபன் டப்பாக்கள் கிளம்பிப் போனபின் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு உட்காருவார். ஜன்னல் திரையின் ஓரத்தில் பத்து ஊசிகள் வரிசையாகக் குத்தியிருக்கும். பள்ளி வேனின் ஹாரன் கேட்டதும் எண்ண ஆரம்பிப்பார். பத்து இருந்தால்தான் பிள்ளைகளுக்கு வீட்டுக்குள் அனுமதி. ஒருநாள் ஒன்பதுதான் இருந்தது. பெரியவளும் சின்னவனும் வாசற்படியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்று, வீட்டுப்பாடமும் முடித்துவிட்டார்கள். அரை மணி நேரம் தரையெல்லாம் தவழ்ந்து தேடிய ஊசி அவருடைய தோள்பட்டையிலேயே குத்தியிருந்தது. அதைக் கண்டுபிடித்தது நான்தான் என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

குடும்பமே இந்தத் தொழிலில் இருக்கிறது. கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். சாயங்காலம் செய்தி பார்த்துக்கொண்டே பஞ்சு அடைப்பார். கிரீஸ் போயிருக்கிறதா என்று முன்னும் பின்னும் கையைக் காட்டிய பிறகுதான் பஞ்சு கிடைக்கும். ஏழு வயதுப் பெண் கண்ணுக்குப் பொத்தான் தேர்ந்தெடுப்பாள். நாலு வயதுப் பையனுக்குப் பெயர் சூட்டும் பொறுப்பு. முயல், யானை, வாத்து, எது வந்தாலும் அவன் வைக்கும் பெயர் டைகர்.

தைக்கும்போது பொம்மையோடு பேசுவார். காது தைக்கிற நேரத்தில், "கொஞ்சம் பொறுத்துக்கோடா கண்ணு, இன்னும் நாலே குத்துதான்" என்று அவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். கண்ணை மட்டும் கடைசியில்தான் வைப்பார். ஏன் என்று கேட்டேன். "முன்னாடியே வெச்சுட்டா பாத்துக்கிட்டே இருக்குமே சார். அப்புறம் எப்படிக் குத்தறது?"

இத்தனை இளகிய மனசுக்காரருக்கு இரும்பு மாதிரி ஒரு விதி உண்டு. துவைக்காத துணியில் கத்திரி வைக்க மாட்டார். ஆரம்பக் காலத்தில் துவைக்காமல் தைத்த ஒரு கரடி, முதல் குளியலிலேயே சாயம் இறங்கி, மூக்கு சிவந்து, ஜலதோஷம் பிடித்தது போல் ஆகிவிட்டதாம். அதிலிருந்து எந்தத் துணி வந்தாலும் சோப்புத் தூளில் இரண்டு தடவை ஊறும். மூன்றாவது தடவை வாசனைத் திரவத்தில் முங்கும். நிழலில் காயும். அப்புறம்தான் கத்திரி. நல்ல விதிதான். நானும் மனதுக்குள் சரி என்று குறி போட்டிருந்தேன்.

இந்த விதி ஒரு குழந்தையின் தூக்கத்தைப் பறித்தது.

பக்கத்துக் கட்டடத்தில் ஓர் இளம் தகப்பனும் அவருடைய ஐந்து வயது மகளும் இருக்கிறார்கள். குழந்தையின் அம்மா நர்ஸ். இரண்டு வருட ஒப்பந்தத்தில் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் காலை, வேலைக்குப் போகிற அவசரத்தில் அந்தத் தகப்பன் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து நீட்டினார். வாய் இறுக்கிக் கட்டிய பை. உள்ளே மனைவியின் பழைய நைட்டி. மகள் அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள், கிழிந்து நூல் நூலாகப் போகிறது, முழுசாகப் போவதற்குள் ஒரு பொம்மையாகச் செய்து தர வேண்டும் என்றார். பஸ் வந்துவிடும் என்று ஓடிவிட்டார்.

பொம்மையம்மா முடிச்சை அவிழ்த்தார். எண்ணெயும் வேர்வையும் பவுடருமாக ஒரு நெடி வந்தது. ஆண்பிள்ளை தனியாகக் குடும்பம் நடத்துகிற வீடு, துவைக்க நேரம் இருந்திருக்காது, பாவம் என்று நினைத்தார். அந்தப் பாவத்துக்காக வழக்கத்தைவிட இரண்டு தடவை அதிகமாகவே ஊறவைத்தார். அன்று மதியம் என் பால்கனியில் ஊதா நிறத்தில் சோப்புத் தண்ணீர் சொட்டியது. மேலே பார்த்து நான் முறைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது. பிழை திருத்துகிறவனின் தலைமேலேயே அந்தப் பிழை சொட்டிக்கொண்டிருந்தது, எனக்கும் தெரியவில்லை.

பொம்மை என்னவோ பிரமாதமாக வந்தது. ஊதாப் பூப் போட்ட பெண் பொம்மை, குட்டைக் கை, குண்டுக் கன்னம். கட்டிப் பார்த்தார், ஐந்து எண்ணினார், நிறைந்த மனதோடு கொடுத்தார். குழந்தை வாங்கி அதன் வயிற்றில் முகத்தைப் புதைத்தாள். எடுத்தாள். மறுபடி புதைத்தாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "இதுல அம்மா இல்லப்பா" என்றாள்.

அழவில்லை. பொம்மையை நாற்காலியில் பத்திரமாக உட்காரவைத்துவிட்டு நடந்துபோய்விட்டாள். தகப்பன் முகம் வெளுத்துப் போயிருந்தது. பரவாயில்லக்கா, உங்களுக்கு எப்படித் தெரியும், நான்தான் சொல்லியிருக்கணும் என்று ஏதேதோ சொன்னார். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. துவைக்க நேரம் இல்லாமல் இல்லை. பத்து மாதமாக அந்த நைட்டியைத் துவைக்க அவள் யாரையும் விட்டதில்லை.

அதன்பின் மூன்று நாள் ஜன்னல் திரையில் பத்து ஊசியும் அசையாமல் இருந்தன. பொம்மையம்மா கீரை ஆய்ந்தார், அலமாரியை அடுக்கினார், அடுக்கியதையே திரும்ப அடுக்கினார். குழந்தை தூங்காமல் உட்கார்ந்தே இருக்கிறாள், பள்ளியில் மேஜையில் தலை வைத்துத் தூங்கிவிடுகிறாள் என்று தகப்பன் மூலம் சேதி வந்துகொண்டிருந்தது. நான் ஆறுதல் சொல்லத் தெரியாதவன். தெரியாத வேலையை ஏன் செய்ய வேண்டும்? செய்தேன். சின்னக் குழந்தைதானே, கொஞ்ச நாளில் மறந்துவிடும் என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "மறந்துடும்னுதான் சார் பயமா இருக்கு. இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல இருக்கு. அந்தப் பொண்ணு திரும்பி வந்து நிக்கும்போது இந்தக் குழந்தைக்கு அவ வாசனையே தெரியலைன்னா?"

எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

மறுநாள் தகப்பனிடம் நம்பர் வாங்கி, அந்த நர்சைத் தானே கூப்பிட்டார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். திட்டு வாங்கத் தயாராகத்தான் இருந்தார். திட்டு விழவில்லை. அந்தப் பெண்ணுக்கு நைட்டி விஷயமே தெரியாது. கேட்டால் அங்கே வேலையில் மனம் நிற்காது என்று கணவர் மறைத்திருக்கிறார். போனில் கூப்பிட்டால் மகள் இரண்டு வார்த்தை பேசிவிட்டு விளையாட ஓடிவிடுவாள். என்னைத் தேடவே இல்லை போலிருக்கிறது என்று பத்து மாதமாக அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கடைசியில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பொம்மையம்மா அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

"தினமும் தேடினாளாக்கா?"

பிறகு இரண்டு பெண்களும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். நர்ஸ் ஒரு நைட்டியை ஒன்பது நாள் துவைக்காமல் உடுத்தினாள். அறைத்தோழி ஜன்னலோரம் கட்டிலை நகர்த்திக்கொண்டாளாம். பத்தாம் நாள் அதைப் பைக்குள் பை, அதற்குள் பையாகக் கட்டி, விடுமுறையில் இங்கே வந்த இன்னொரு நர்சிடம் கொடுத்தனுப்பினாள்.

பை வந்து சேர்ந்ததும் பொம்மையம்மா வீட்டில் ஊரடங்கு மாதிரி ஆகிவிட்டது. வெங்காயம் வதக்கக் கூடாது. கணவர் சென்ட் அடிக்கக் கூடாது. மேஜைக்குப் பக்கத்தில் சோப்போ பவுடரோ வரக் கூடாது. அவரே கைக்குத் தடவும் கிரீமை நிறுத்தி, வெறும் தண்ணீரில் கை கழுவினார். இரண்டு நாள் எல்லோரும் ரொட்டியும் வாழைப்பழமும் தின்றார்கள். "பொம்மைக்குப் பத்தியம் சார். அது முடியற வரைக்கும் நமக்கும் பத்தியம்" என்று கணவர் படிக்கட்டில் என்னிடம் முணுமுணுத்தார். அவரிடமிருந்து பஞ்சு அடைக்கும் வேலையும் போய்விட்டது. பஞ்சே கிடையாது. வெட்டியது போக மிச்சமிருந்த நைட்டி முழுவதையும் துண்டு துண்டாக்கிப் பொம்மையின் வயிற்றுக்குள் வைத்துத் தைத்துவிட்டார். ஒரு நூல் வீணாகவில்லை.

முதல் வெட்டுக்கு நான் உடன் இருந்தேன். துணியை விரித்தார். கத்திரியை எடுத்தார். கால் தன் பாட்டுக்கு வாளி இருக்கும் பக்கம் இரண்டடி போய்விட்டது. நின்று, தன்னைத் தானே திட்டிக்கொண்டு திரும்பி வந்தார். "துவைக்காத துணி சார்" என்றார், ஏதோ திருட்டுக்கு என்னைக் கூட்டாளி சேர்க்கிறவர் போல. "சாயம் இறங்கினா இறங்கட்டும். இதை எவ குளிப்பாட்டப் போறா?"

சனிக்கிழமை மதியம் தகப்பனும் குழந்தையும் வந்தார்கள். குழந்தைக்கு நம்பிக்கை இல்லை. அப்பாவின் காலுக்குப் பின்னால் பாதி முகத்தோடு நின்றாள். பொம்மையம்மா பையைப் பிரித்துப் பொம்மையை எடுத்தார். வழக்கம்போல அவருடைய கைகள் அதை மார்புப் பக்கம் கொண்டுபோயின. பாதி வழியில் நின்றன.

"அம்மா, நீ இன்னும் கட்டிப் பாக்கலையே" என்றாள் பொம்மையம்மாவின் ஏழு வயது மகள், தொழில் தெரிந்தவளாக.

அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். விரல் நுனியால் மட்டும் பொம்மையின் தோளைப் பிடித்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மூச்சையும் அடக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் முழு நீளத்துக்கு நீட்டினார்.

குழந்தை மெல்ல முன்னால் வந்து வாங்கினாள். வயிற்றில் முகத்தை வைத்தாள். நாங்கள் காத்திருந்தோம். தகப்பன் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் அவள் நிமிரவே இல்லை. பொம்மையம்மா மட்டும், கொடுத்து முடித்த கைகளை இறக்க மறந்து, இன்னும் நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தார்.