வலிக்காத வீக்கம்

மீன் சந்தையில் ஏலம் கூறுபவருக்குத் தொண்டை கட்டாமல் இருந்தால்தான் அதிசயம். அங்கே யாருக்குக் குரல் கரகரத்தாலும், "என்ன, நேத்து மீன் நல்ல வரத்தா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நோயைக் கண்டுபிடி என்றால் யார்தான் கண்டுபிடிப்பார்கள்?

ஏலக்காரர் சாப்பிடும்போது ஏதோ தடுக்கிறது என்றார். அதே சந்தையில் மீன் வெட்டிக் கொடுக்கும் அவர் மனைவி, செல்போன் லைட்டை அடித்து வாய்க்குள் பார்த்தாள். உள்நாக்குக்கு வலது பக்கச் சதை மட்டும் புடைத்துக்கொண்டு நின்றது. இடது பக்கம் எப்போதும் போலச் சாதுவாக இருந்தது.

"வலிக்குதா?"

"துளிகூட இல்ல. லைட்டை அணை, எச்சில் வழியுது."

வலி இல்லையா, அப்படியானால் ஒன்றுமில்லை என்று இருவரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். அந்த நிம்மதியை நினைத்தால் வயிறு எரிகிறது. கழுத்தில் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டரம்மா கட்டியை அமுக்கிப் பார்க்கும்போதே மனைவி முந்திக்கொண்டாள். "வலியே கிடையாதுங்க. எவ்வளவு அமுக்கினாலும் வலிக்காது." பிள்ளை நல்ல மார்க் வாங்கியதைச் சொல்வது போலச் சொன்னாள். டாக்டரம்மா தலையாட்டவில்லை. எடுத்த விரலை மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

"டான்சில் ஒரு பக்கம் பெருசா இருக்கறது நிறைய பேருக்கு உண்டும்மா. பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ஆனா இவருக்குக் கழுத்துலயும் கட்டி இருக்கு, அதுவும் வலிக்கலேங்கறீங்க. வலிக்காத கட்டியைத்தான் விடாம பார்க்கணும். ஒரு துணுக்கு எடுத்து டெஸ்ட் பண்ணித்தான் சொல்ல முடியும்."

"கேன்சரா இருக்குமோ?"

"இருக்கலாம்மா. இல்லாமலும் இருக்கலாம்."

ஏலக்காரர் சட்டைக் காலரை இழுத்துக் கட்டியை மறைத்துக்கொண்டார்.

துணுக்கு எடுத்தாயிற்று. வீட்டில் இரு என்று யார் சொல்லிக் கேட்டார்? தொண்டைப் புண் ஆறியதும் ஏலத்துக்குக் கிளம்பிவிட்டார். அவளும் என்ன செய்வாள், பாவம்! கை மீனை வெட்டியது, காது அவர் குரலிலேயே கிடந்தது.

அன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ரிசல்ட் என்ன என்று கேட்டாள். பேசிய பெண் அதைச் சொல்லவில்லை. "இன்னைக்கே நேர்ல வாங்க. வீட்டுல வேற யாராவது இருந்தா துணைக்குக் கூட்டிட்டு வாங்க." நல்ல சேதி சொல்ல எவராவது துணைக்கு ஆள் கேட்பார்களா? செதில் ஒட்டிய கையோடு ஓடினாள்.

அவர் ஏல மேடையில் நின்று கடைசிக் கூடையைக் கூறிக்கொண்டிருந்தார். விலை ஏறி ஒரு வியாபாரியிடம் நின்றிருந்தது. "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்றவர், கூட்டத்துக்குப் பின்னால் அவளைப் பார்த்துவிட்டார். அவள் சிரிக்கத்தான் முயன்றாள். முகம் சொன்னபடி கேட்கவில்லை.

"ரெண்டு தரம்" என்றார் மறுபடியும்.

"அண்ணே, எனக்கு மேல யாரும் கேக்கல. முடிச்சு விடுங்க."

"இருப்பா, யாராவது கேப்பாங்க. ரெண்டு தரம்... ரெண்டு தரம்..."

கூட்டம் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தது. முடித்துவிட்டால் இறங்கி அவளிடம் போக வேண்டும். அவர் முடிக்கவே இல்லை.