எழுபத்திரண்டாவது கட்டை

லெவல் கிராஸிங் கேட்டைத் திறந்து மூடுவது அக்காவின் வேலை. போகிற ஒவ்வொரு ரயிலுக்கும் எத்தனை பெட்டி என்று எண்ணி நோட்டில் எழுதி வைப்பாள். தண்டவாளத்தோடு தினமும் பல மைல் நடந்து, அதை அடியில் குறுக்கே கிடக்கும் கட்டையோடு பிடித்திருக்கும் இரும்புச் சாவிகளைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது தங்கையின் வேலை. தட்டுவாள், தலையைச் சாய்த்துக் கேட்பாள், நகர்வாள். அதனாலேயே கூட வேலை பார்க்கிறவர்கள் அவளுக்கு டாக்டர் என்று பட்டம் கட்டியிருந்தார்கள்.

அங்கே ஊர் உண்டானதே கரி எஞ்சின்களால்தான். எஞ்சின் தண்ணீர் குடிக்கவும் சாம்பல் கொட்டவும் நின்றது. நின்ற எஞ்சினைக் கவனிக்க ஆட்கள் வந்தார்கள். ஆட்களுக்குப் பன்னிரண்டு வீடுகள் எழும்பின. டீசல் வந்ததும் எஞ்சின்கள் நிற்காமல் ஓடின. தண்ணீர்த் தொட்டியை அறுத்து எடுத்துப் போனார்கள். சாம்பல் குழியை மூடி, அதன் மேலேயே தண்டவாளத்தை நகர்த்திப் போட்டதாகப் பேச்சு. எங்கே என்று கேட்டால் பன்னிரண்டு வீட்டாரும் பன்னிரண்டு இடம் காட்டுவார்கள்.

முதல் அதிவேக ரயில் ஓடுவதற்கு முந்தின நாள் காலை, பாதையைப் பார்வையிட ஆட்களோடு வந்த இன்ஜினியரைக் கேட்டருகே தங்கை மறித்தாள்.

“சார், இந்தக் கேட்டுலேருந்து எழுபத்திரண்டாவது கட்டைக்குக் கீழ பொக்கா இருக்கு. அந்த வேகத்துல வண்டியை விடாதீங்க.”

“மெஷின் வச்சு அளந்தாச்சும்மா. எல்லாம் சரியா இருக்கு.”

“மரக்கட்டை இருந்தப்போ பதினோரு வருஷம் தட்டியிருக்கேன் சார். அங்க மட்டும் சத்தம் வயித்துலேருந்து வரும். போன வருஷம் கான்கிரீட் கட்டை போட்டப்புறம் எல்லாம் ஒரே சத்தம். அதுக்காகக் கீழ இருக்கறது போயிடுமா?”

இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். “தோண்டச் சொல்றேன். ஒண்ணும் இல்லேன்னா, நீ இந்த வேலைக்கு லாயக்கில்லேன்னு எழுத வேண்டியிருக்கும். சம்மதமா?”

கேட்டில் நின்ற அக்கா வேண்டாம் என்று தலையாட்டினாள். தங்கை, “சரி சார்” என்றாள்.

எண்ணிக்கொண்டு போய், எழுபத்திரண்டாவது கட்டையின் ஓரத்தில் மேஸ்திரியும் ஆட்களும் ஜல்லியை ஒதுக்கித் தோண்டினார்கள். கடப்பாரை ‘ணங்’ என்று திரும்பி வந்தது. மண் பாறையாக இருந்தது.

“டாக்டரம்மா, நோயாளி குத்துக்கல்லாட்டம் இருக்கானே! எங்க முதுகுதான் போச்சு” என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். இன்ஜினியர் பேனாவை எடுத்தார்.

தங்கை சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. விரல்களை மடக்கி மடக்கி ஏதோ முணுமுணுத்தாள். திடீரென்று கேட்டைப் பார்த்துக் கத்தினாள்.

“அக்கா! மரக்கட்டை இருந்தப்போ ஒரு தண்டவாளத்துக்கு எத்தனை?”

“பதினெட்டுடீ!”

“இப்போ அதே நீளத்துக்கு?”

“இருபத்தொண்ணு!”

“கட்டையை இப்போ நெருக்கிப் போட்டிருக்காங்க சார். நான் மடச்சி, பழைய கணக்கை வச்சுப் புதுக் கட்டையை எண்ணிட்டேன். நாலு தண்டவாள நீளம். எண்பத்து நாலாவது கட்டைக்கு வாங்க.”

பேனா சட்டைப்பைக்குத் திரும்பவில்லை. ஆனாலும் இன்ஜினியர் நடந்தார்.

இரண்டாவது குத்திலேயே கடப்பாரை கைப்பிடிவரை இறங்கியது. கருப்பாகச் சாம்பல் சரிந்தது. தோண்டத் தோண்ட, அதற்குப் பின்னால் கரியேறிய செங்கல் சுவர், ஓர் எஞ்சின் நீளத்துக்கு, ஒரு கல் பெயராமல் நின்றது. எத்தனை வருஷத்து நெருப்பு அதற்குள் விழுந்து அணைந்ததோ! மேஸ்திரி தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“இதை நீ காதாலயா கண்டுபிடிச்சே?” என்றார் இன்ஜினியர் மெதுவாக.

மறுநாள் காலை அதிவேக ரயில் வந்தது. கேட்டைத் தாண்டும்போது ஆள் நடக்கிற வேகம்தான். எண்பத்து நாலாவது கட்டைக்குப் பக்கத்தில் கொடியோடு தங்கை நின்றாள். பெட்டிகள் ஒவ்வொன்றாக அவளைக் கடந்தன. அவள் தலை மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைய நோட்டில், பெட்டிகளின் எண்ணிக்கை எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கிறது.