பாலில் கலந்த பொடி

என் மருமகள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகளுக்கு அவள் ஹாரன் அக்கா. வாயைத் திறந்து யாரையும் அதட்ட மாட்டாள், எல்லாவற்றுக்கும் ஹாரன்தான்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சர்க்கரை நோய். ஊசி போட்டுப் போட்டுத் தொடை காய்த்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. சர்க்கரை இறங்கினால் மற்றவர்களுக்கு வியர்க்கும், கை நடுங்கும். இவளுக்கு அந்த அறிகுறிகூடத் தெரியாமல் போனது. ஒருநாள் சிக்னலில் பச்சை விழுந்தும் வேன் நகரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி விழித்துக்கொண்டிருந்தாளாம். பின்னால் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். மறுநாள் சாவியைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

பிறகு பெரிய ஆஸ்பத்திரியில், இறந்துபோன யாரோ ஒருவருடைய கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களைப் பிரித்தெடுத்து, குழாய் வழியாக இவள் கல்லீரலுக்குள் விட்டார்கள். அவை அங்கேயே குடியேறி வேலை செய்தன. ஊசி நின்றது. சில மாதம் கழித்துச் சாவியும் திரும்பி வந்தது. ஆனால் உடம்பு அந்தச் செல்களை வெளியாள் என்று அடித்துத் துரத்தாமல் இருக்க, காலையும் மாலையும் ஏழு மணிக்கு மாத்திரை. "எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் குறைச்சே வச்சிருக்கோம்மா" என்றாள் நர்ஸ்.

எனக்கு அது பிடிக்கவில்லை. சக்தியை ஏற்றுவார்கள், யாராவது இறக்குவார்களா? மாதம் தவறாமல் அவளுக்குச் சளி வேறு. எதிர்ப்பு சக்திக்கென்று கடையில் ஒரு மூலிகைப் பொடி வாங்கினேன். டப்பாவில் எழுதியிருந்ததைப் படிக்க எனக்கு எழுத்து தெரியாது. கடைக்காரன் சொன்னதை நம்பி, தினமும் அவள் பாலில் ஒரு கரண்டி கலந்தேன். சொல்லவில்லை. சொன்னால் குடிக்க மாட்டாள்.

ஆறு வாரத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கியது. ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கிவிட்டதாம்.

"மாத்திரையை எப்பவாவது விட்டீங்களாம்மா?" என்றார் டாக்டர்.

"ஒரு வேளைகூட விடலை சார்."

அவர் மறுபடியும் கேட்டார். இவளும் மறுபடியும் அதையே சொன்னாள். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"நான்தான் பொடி போட்டேன்" என்றேன்.

வீட்டில் விட்டால் அவள் கண்ணில் படும் என்று டப்பாவைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அதிலிருந்த ஏதோ ஒரு மூலிகை, மருந்தை உடம்பில் தங்கவிடாமல் செய்கிறதாம். "மிச்சம் இருக்கிற செல்லைக் காப்பாத்தப் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் வாய் திறந்தாள்.

"என் உடம்பும் உங்களை மாதிரிதான் அத்தை. வெளியிலிருந்து ஒருத்தி வந்தா ஆகாது."

"நான் உன்னை ஏதாவது சொல்லியிருக்கேனா?"

"நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் ரெண்டு வருஷம் ஒண்ணுமே சொல்லலையே. அதைத்தான் சொல்றேன்."

"அப்புறம் பழகலையா நான்?"

"பழகினீங்க. பால்ல பொடி கலக்கிற அளவுக்குப் பழகிட்டீங்க."

சிரித்தாள். நான்தான் அழுதேன்.

கொஞ்சம் செல்கள் போய்விட்டன, மீதி தங்கிவிட்டன. தினம் ஒரு சின்ன ஊசி மறுபடியும் உண்டு. ஆனால் சர்க்கரை இறங்கினால் இப்போது அவளுக்குக் கை நடுங்குகிறது, தெரிகிறது. சாவி அவளிடமேதான் இருக்கிறது.

பாலை இன்னமும் நான்தான் காய்ச்சுகிறேன். அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வாங்கியதும் முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறாள். பார்க்கட்டும்.