கரண்ட் இருக்கும் வீட்டில் குக்கீஸ்

"மீ லா பீ!"

போன சனிக்கிழமை காலை, கரண்ட் வந்ததும் பசுந்தாங்கில் எங்கள் தெரு முழுக்கப் பர்மிய மொழியில் இதே கூச்சல் — 'கரண்ட் வந்தாச்சு!' அடுத்த நிமிடமே சர்ச் இளைஞர் குழு மாவுத் தட்டுகளோடு நாலு மாடி ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டது.

பிள்ளைகளின் ஸ்கூல் பீஸுக்காக என்று சர்ச் வாசலில் குக்கீஸ் வாங்குகிறீர்களே... அது எங்கே வேகிறது என்று யோசித்ததுண்டா? யார் வீட்டில் கரண்ட் இருக்கிறதோ, அங்கே! சர்ச் பக்கம் கரண்ட் இல்லாத நேரத்தில் எங்கள் தெருவில் இருக்கும். காலமான என் மனைவி விட்டுப்போன ஓவனும் இருக்கிறது. ஆறு வாரமாக என் சமையலறைதான் பேக்கரி.

நான் சும்மா இருப்பேனா? எண்ணிக்கொண்டே நிற்பேன். ஓவனிலிருந்து வரும்போது தட்டில் இருபத்து நாலு. பாக்கெட்டுக்குப் போகும்போது இருபத்தொன்று.

"மூணு எங்கே?"

"உடைஞ்சுபோச்சு அங்கிள்," என்றான் ஜோசப், மென்றபடி. "உடைஞ்சதை விக்கக் கூடாதுல்ல?"

"உன் பல்லுல பட்டுத்தானே உடைஞ்சுது?"

தரையெல்லாம் மாவு, காதெல்லாம் சத்தம் என்று திட்டித் தீர்த்தேன். மதியம் கரண்ட் போயிற்று. தட்டுகளை அடுக்கியபடி குழுத் தலைவி மேரி சந்தோஷமாகச் சொன்னாள்:

"சர்ச்சுக்கு ஒருத்தர் கேஸ் ஓவன் கொடுத்திருக்காரு அங்கிள். இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல."

ஆறு வாரமாக நான் முணுமுணுத்தது இதற்குத்தானே? ஆனாலும் பதறிவிட்டேன்.

"கேஸ்ல அடி தீஞ்சிடும்... மேல வேகாது..."

"யபாடே, பரவாயில்ல அங்கிள், நாங்க பார்த்துக்கறோம்."

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரிலிருந்து மகன் பேசுவான் — நெட் இருந்தால். மற்றபடி இந்த வீட்டில் என் குரலைத் தவிர வேறு குரல் கிடையாது.

படியிறங்கப் போனவர்களை நிறுத்தினேன்.

"எனக்குப் பத்து பாக்கெட் எழுதிக்கோ."

"உங்களுக்குச் சுகர் இருக்கே!" என்றாள் மேரி.

"தின்னக் கூடாதுன்னுதான் டாக்டர் சொன்னார். வாங்கக் கூடாதுன்னு சொல்லலையே? ஆனா மொத்தமா வேண்டாம், நமுத்துப்போகும். சனிக்கிழமைக்கு ஒண்ணு. நேர்ல கொண்டு வரணும்."

"ஒரு பாக்கெட்டுக்கு நாலு மாடியா!" என்று ஜோசப் அலறினான்.

மேரி அவனை முழங்கையால் இடித்தாள். பிறகு எழுதிக்கொண்டாள்.

நிதிக்காக விற்கும் குக்கீஸை எல்லோரும் தின்பதற்காகத்தான் வாங்குகிறார்களா என்ன?

டெலிவரிக்கு வருகிறவர்களை உட்காரவைத்து டீ கொடுக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே!