கல்லறை வாசலில் சூசையப்பன்

முதல் கல் ஆம்புலன்ஸ் கண்ணாடியை உடைத்தது. இரண்டாவது, சூசையப்பனின் வாயில் வந்து விழுந்தது. பல் இரண்டு தெறித்து, ரத்தம் முகக்கவசத்துக்குள்ளேயே ஊறி மோவாயில் வழிந்தது.

சாந்தன்பாறைக்கு மேலே ஏலத்தோட்டத்துச் சின்னக் கோயிலில் பதினெட்டு வருடமாக அவர் உபதேசியார். வாரநாளில் செடிகளுக்கு மருந்தடிப்பார், ஞாயிறன்று ஜெபம் நடத்துவார். கொரோனா இரண்டாம் அலையில் கோயிலைப் பூட்டச் சொன்னார்கள், பூட்டினார். அதன்பிறகு தினமும் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு வெளியே தள்ளி நின்று, சன்னலுக்குள் கிடந்தவர்களுக்காக ஜெபித்தார். காய்ச்சலில் கிடந்த சந்தனமேரி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "உபதேசியாரே, செத்தா என்னைய எரிச்சிராதீக. எங்க வீட்டுக்காரரு பக்கத்துல பொதைக்கணும்."

"நான் இருக்கேன் தாயி" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் பிணமாகத்தான் திரும்பினாள். கல்லறை வாசலை நாற்பது பேர் மறித்து நின்று கல்லெறிந்தார்கள். முன்னால் நின்றவன் ஜெகன். சின்ன வயதில் புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்க அவனுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தவரே சூசையப்பன்தான்.

"கீழ இருக்க ஓடைத் தண்ணியத்தான நாங்க குடிக்கோம்? என் பொண்டாட்டி மாசமா இருக்கா. வண்டியத் திருப்பச் சொல்லும்!"

"குழி ஆழமா எடுத்திருக்குலே. சுகாதாரத்துறை ஆளுக பாத்துட்டுத்தான்..."

முடிக்க விடவில்லை. ஜெகன் விறகுக் கட்டையால் ஓங்கி அடித்தான். தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. விழுந்தவரின் நெஞ்சில் யாரோ மிதித்தார்கள். ஊர்ந்துபோய் வாசற்கதவில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"கொல்லணும்னா கொல்லுங்க. அவளப் பொதைக்காம எந்திரிக்க மாட்டேன்."

மூன்று மணி நேரம் மழையில் அப்படியே இருந்தார். வருகிறவன் போகிறவனெல்லாம் உதைத்தான். பிறகு போலீஸ் வந்தது. தடியடியில் ஜெகனின் நெற்றி பிளந்தது, ஒருவன் சரிவில் உருண்டான். "அடிக்காதீங்க சார்!" என்று சூசையப்பன் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

பங்குத்தந்தை தொற்றினால் தனிமைப்படுத்தப்பட்டிருந்ததால் அடக்க ஜெபத்தைச் சூசையப்பனே சொன்னார். வீங்கிய உதட்டில் பரலோக மந்திரம் துண்டுதுண்டாக வந்தது. மண் மூடிய பிறகுதான் மயங்கி விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் எஸ்.ஐ. வந்து கேட்டார்: "அடிச்சது யாரு?"

சூசையப்பனுக்குப் பொய் சொல்ல நாக்கு வரவில்லை. "ஜெகன்தான் சார்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார்.

ஜெகனைச் சப் ஜெயிலில் அடைத்தார்கள். நோய்க் கட்டுப்பாட்டால் பார்வையாளருக்கு அனுமதி கிடையாது. கட்டுப்போட்ட கையோடு சனிக்கிழமைதோறும் ஜெயில் வாசலில் போய் நின்றார். காவலர் விரட்டுவார். அடுத்த சனிக்கிழமையும் போவார்.

ஜாமீனில் வந்த அன்று ஜெகன் அவர் முகத்தில் காறித் துப்பினான். "காட்டிக் குடுத்துட்டு இங்க எதுக்கு வந்தீரு?"

துடைத்துக்கொண்டார். "உன் பொண்டாட்டி நல்லாருக்காளாலே?"

கோயில் திறந்த பிறகும் அவன் வரவில்லை. பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு மனைவி மட்டும் வந்தாள். சூசையப்பன் ஞாயிறு சாயங்காலம் தவறாமல் அவன் வீட்டுக்குப் போகிறார். முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறான். வெளியே நின்று அந்த வீட்டுக்காக ஜெபித்துவிட்டு மலையேறுகிறார்.