துணி எங்க காயப் போடுறீங்க?

“அதெல்லாம் சரிங்க, துணி எங்க காயப் போடுறீங்க?”

மொட்டைமாடியில் கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஈரச் சட்டையை உதறியபடியே கேட்கிறார் ஸ்டீபன்ராஜ். மறுமுனையில் யாரோ ஒரு புண்ணியவான், எந்தத் தேசத்தில் இருக்கிறாரோ, வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கறிவேப்பிலை கிடைக்குமா கிடைக்காதா என்று வெகுநேரமாகப் பொறுப்பாகச் சொல்லிக்கொண்டு வந்திருப்பார். எல்லாவற்றுக்கும் ‘ம்’ கொட்டிவிட்டுக் கடைசியில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார் இவர். மறுமுனையில் சிரிப்பு வரும். ஸ்டீபன்ராஜ் சிரிக்க மாட்டார். பதில் வரும்வரை காத்திருப்பார்.

உதறிய சட்டையை அவர் கொடியில் போடுவதில்லை. கைப்பிடிச் சுவரில் விரித்து, பறந்துவிடாமல் மேலே ஒரு செங்கல்லை வைப்பார். கொடியில் மனைவி, மகளின் துணிகள் மட்டும். பாதிக் கொடி காலியாகக் கிடந்தாலும் இவர் துணிக்குச் சுவர்தான்.

பொன்மலைப்பட்டியில் என் வீட்டு மாடியும் அவர் வீட்டு மாடியும் ஒட்டியிருக்கின்றன. இடையில் இடுப்பளவுச் சுவர் மட்டுமே. அவர் பேசுவது தானாகவே என் காதில் விழும். விழாவிட்டால், கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் சுவரோரம் போய் நின்றுகொள்வேன். அந்தச் செடி இவ்வளவு செழிப்பாக வளர்ந்ததற்குக் காரணம் ஸ்டீபன்ராஜ்தான்.

ஆள் வெல்டர். வாசல் கேட், ஜன்னல் கிரில் பற்றவைக்கிறவர் அல்ல. பாய்லருக்கும் எண்ணெய் ஆலைக்கும் போகிற கனத்த குழாய்களை இணைக்கிறவர். துவாக்குடியில் ஒரு சின்னப் பட்டறையில் தொழில் பழகி, கல்யாணமான மறு வருஷமே வளைகுடாவுக்கு விமானம் ஏறினார். பதினேழு வருஷம் அங்கேதான். ஜுபைல், ருவைஸ் என்று ஊர்ப்பெயர்களை அடுக்குவார். ஊர் எப்படி என்று கேட்டால் மட்டும் விழிப்பார். “கேம்ப்லேர்ந்து பஸ், பஸ்லேர்ந்து பிளான்ட்டு. ஜன்னல் வழியா பாத்ததுதான் சார் ஊரு” என்பார்.

அவர் இணைத்த குழாயை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்வார்களாம். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. பஸ் கம்பி, பந்தல் கால், கல்யாண மண்டபத்து நாற்காலி என்று எந்த இரும்பைக் கண்டாலும் இணைப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, “எக்ஸ்ரேல நிக்காது” என்றோ “தேறிடும்” என்றோ தீர்ப்புச் சொல்வார். மனிதர்களுக்கும் அதே தீர்ப்புதான். என்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று நான் கேட்டதில்லை. கேட்டு வம்பை விலைக்கு வாங்குவானேன்?

இன்னொரு பழக்கமும் உண்டு. வெல்டிங் செய்கிறவர்கள் தலையில் மாட்டியிருக்கும் முகமூடியை, இரண்டு கையிலும் வேலை இருக்கும்போது, தலையை வெடுக்கென்று ஒரு ஆட்டு ஆட்டிக் கீழே விழவைப்பார்கள். ஸ்டீபன்ராஜ் வீட்டிலும் அப்படித்தான். பேச்சு பிடிக்கவில்லை என்றால் தலையை ஒரு வெட்டு. அத்தோடு முகமூடி இறங்கிவிட்டது, இனி உள்ளே யாரும் போக முடியாது என்று பெலிண்டாவுக்குத் தெரியும்.

பெலிண்டா அவர் மனைவி. ஒன்றாம் வகுப்பு டீச்சர். கணவர் இல்லாத வீட்டைப் பதினேழு வருஷம் தனியாக நடத்தியவர். மகள் ஜெசிந்தா எட்டாவது படிக்கிறாள்.

இப்போது கையில் இரண்டு வேலைகள் வந்திருக்கின்றன. ஒன்று கனடாவில் எட்மன்டன், இன்னொன்று ஆஸ்திரேலியாவில் பெர்த். இரண்டிலும் குடும்பத்தோடு போகலாம், அங்கேயே தங்கிவிடலாம். வளைகுடாவில் அவர் தரத்து ஆட்களுக்குக் கனவில்கூடக் கிடைக்காத ஏற்பாடு. எந்த ஊர் என்று இந்த மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் தெரு எட்மன்டன் கட்சி, பெர்த் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தபோது எனக்கு நல்ல பொழுதுபோக்கு. எட்மன்டனுக்கே செல்வாக்கு அதிகம். பெலிண்டாவின் தங்கை ஆன்சி அங்கே நர்ஸாக இருக்கிறாள். பிறகென்ன யோசனை என்று எல்லாரும் கேட்டார்கள். ஆனால் பெலிண்டாவே எந்த ஊருக்கும் முழுமனதாகச் சரி சொல்லவில்லை. அவர் அப்பா அற்புதசாமி அடுத்த தெருவில் மகன் வீட்டில் இருக்கிறார். அவரை விட்டுவிட்டுப் போவது பெலிண்டாவுக்கு உறுத்தல்.

“எந்த ஊருன்னாலும் ஆறு மாசம் பாப்பேன்” என்று ஒருநாள் மாடியிலேயே கணவரிடம் சொன்னார். “ஒத்துவரலன்னா நானும் பாப்பாவும் இங்க வந்துடுவோம். நீங்க அங்கேயே இருந்து சம்பாதிச்சு அனுப்புங்க. பழகினதுதானே.”

அந்தப் ‘பழகினதுதானே’யில் ஸ்டீபன்ராஜ் ஆடிப்போய்விட்டார். முகமூடியை இறக்கக்கூட மறந்து நின்றார். தவறான ஊரைச் சொல்லிவிட்டால், மறுபடியும் தனிக்கட்டில், தனிச்சாப்பாடு, வெள்ளிக்கிழமை வீடியோ கால். அதன் பிறகுதான் கண்ட கண்ட ஆட்களுக்கெல்லாம் போன் போட்டு இந்தத் துணிக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினார்.

மச்சினியையும் விடவில்லை. ஆன்சியின் பதில் ஸ்பீக்கரில் கணீரென்று வந்தது. “துணியா? வெளிய போட்டா பாதி வருஷம் வெறச்சுப் பலகையாயிடும் அத்தான்! இங்க யாரு காயப் போடுறா? ட்ரையர்ல தள்ளிவிட்டா சுத்திச் சுத்தி தானா காஞ்சிடும். அக்காவுக்கு வேலை மிச்சம்!”

“சரிம்மா” என்றார். தலை ஒரு வெட்டு வெட்டியது.

அன்று எனக்குப் பொறுக்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டே விட்டேன். “ஊரெல்லாம் வேலை, குளிர், பணம்னு கேக்குது. நீங்க என்ன ஸ்டீபன், துணியிலேயே நிக்கிறீங்க?”

செங்கல்லைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

“லீவுல வரும்போது தெருமுனைலேயே ஆட்டோவ விட்டு எறங்கிடுவேன் சார். பெட்டிய உருட்டிக்கிட்டு நடந்து வந்தா, வாசல் தெரியறதுக்கு முன்னாடி மாடிக் கொடிதான் கண்ணுல படும். பாப்பா பொறந்து மொத தடவ வந்தப்ப கைக்குட்ட மாதிரி சின்னச் சின்ன ஜபலா. அடுத்த தடவ கவுனு. அப்புறம் ஸ்கூல் யூனிஃபாரம். கொடியப் பாத்தே பாப்பா எவ்வளவு வளந்திருக்கான்னு கண்டுபிடிச்சிட்டு, அதுக்குத் தகுந்த மாதிரி சிரிச்சுக்கிட்டு உள்ள போவேன்.”

“நல்ல ஏற்பாடுதானே?”

“போன தடவ வர்றேன், கொடில பெரிய பொண்ணுங்க போடுற சுடிதாரு. நீளமா துப்பட்டா ஒண்ணு பறக்குது. நம்ம வீட்ல இத யாரு போடுறா, இது வேற வீடுன்னு நெனச்சு நேரா போயிட்டேன் சார். மளிகைக் கடை வந்ததும்தான், அடடா, தாண்டி வந்துட்டமேன்னு தெரிஞ்சுது. சொந்த வீட்டத் தாண்டிப் போயிட்டேன். கடைக்காரர் என்ன வேணும்னு கேட்டாரு. வெறுங்கையோட திரும்பினா நல்லாருக்காதுன்னு அரைக் கிலோ சர்க்கர வாங்கிட்டு வந்தேன்.”

சிரித்தபடிதான் சொன்னார். நான் ஊற்றிய தண்ணீர் செடித் தொட்டியை நிரப்பி என் காலில் வழிந்தது.

“கேம்ப்ல ரூமுக்குள்ளயே கயிறு கட்டி, ஏசி காத்துல காய வெப்போம். எல்லாம் ஆம்பளத் துணி. அதுதான் சார் கேக்குறேன். கொடி இருந்தா வீட்ல யாரு யாரு இருக்காங்கன்னு தெரியும். பொட்டிக்குள்ள சுத்தினா என்ன தெரியும்?”

பேச்சு முடிந்து திரும்பினால், படிக்கட்டு முகப்பில் துணி வாளியோடு பெலிண்டா. எப்போது வந்தாரோ தெரியாது. துணிகளைப் பிழிந்து போட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். அரைக் கிலோ சர்க்கரையின் ரகசியம் அவருக்கும் அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் நானும் சும்மா இருக்கவில்லை. என் அலுவலக நண்பர், ஸ்ரீரங்கத்து சாரங்கபாணியின் மகன் ரகுநந்தன் பெர்த்தில் இருக்கிறான். அவன் எண்ணை வாங்கிக் கொடுத்தேன். வீடியோவில் வந்தான். ஸ்டீபன்ராஜ் வழக்கமான கேள்வியைக் கேட்டதும் அவன் சிரிக்கவில்லை. கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்புறம் நடந்தான்.

“இதோ பாருங்கோ சார், எங்காத்துக் கொடிமரம்!”

புல்தரையின் நடுவில் ஒரு இரும்புக் கம்பம். உச்சியில் துணியில்லாத குடையைப் போல நாலு பக்கமும் கை விரித்து, கைகளுக்கு இடையே கம்பி இழுத்திருந்தது. அதில் வேட்டி, புடவை, குழந்தைச் சட்டை எல்லாம் காற்றில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன.

“எங்க கோயில்லயும் கொடிமரம் உண்டு தம்பி. ஆனா வருஷத்துக்கு ஒரு தடவதான் கொடியேத்தம்” என்றார் ஸ்டீபன்ராஜ்.

“எங்களுக்கு நித்திய உத்ஸவம்! மத்தியானத்துக்குள்ள காஞ்சுடும். குளிர்காலத்துல மழை வந்தாத்தான் எல்லாத்தையும் வாரிண்டு ஓடணும்.”

“அந்தக் கம்பத்துகிட்ட கொஞ்சம் போங்க. கை சேருற எடத்தக் காட்டுங்க.” ரகுநந்தன் காட்டினான். ஸ்டீபன்ராஜ் தன் கைப்பேசியின் கண்ணாடியையே கட்டைவிரலால் தடவிப் பார்த்து, “தேறிடும்” என்றார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நான், “பின்பக்கமா இருக்கே ஸ்டீபன், தெருவிலிருந்து தெரியாதே?” என்று கேட்டு வைத்தேன்.

“இனிமே தெருவுலேர்ந்து எதுக்கு சார் பாக்கணும்? உள்ளேர்ந்துதானே பாக்கப் போறேன்” என்றார்.

மாமனார் அற்புதசாமிக்குச் செய்தி போன விதம்தான் தெருவையே சிரிக்க வைத்தது. அவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்றவர். காது கொஞ்சம் மந்தம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போய்விட்டுப் பையோடு வந்தவரிடம் ஸ்டீபன்ராஜ் வாசலில் நின்று சத்தமாகச் சொன்னார். “மாமா, பெர்த் கெடச்சா நல்லாருக்கும்னு பாக்குறேன்!”

“லோயரா, அப்பரா மாப்ள?” என்றார் கிழவர். “சைடு லோயர் குடுத்தா வாங்கிடாதீங்க, கால நீட்ட முடியாது. எத்தன பேருக்கு?”

“டிக்கெட் இல்ல மாமா, ஊரு! ஆஸ்திரேலியாவுல இருக்கு!”

ஜெசிந்தா ஓடிப்போய் உலக வரைபடத்தை எடுத்துவந்து தாத்தாவுக்கு விரித்துக் காட்டினாள். அவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, மேலே கனடாவைப் பார்த்தார், கீழே ஆஸ்திரேலியாவைப் பார்த்தார். “கீழதானே இருக்கு. அப்ப லோயர் பெர்த்துதான். ஆன்சி இருக்கிறது அப்பரு. இந்த முட்டிய வச்சுக்கிட்டு அவ்வளவு குளிர்ல நான் ஏற முடியாது. லோயர்னா வந்து உக்காந்துட்டுப் போவேன்.”

“நான் கேம்ப்ல இத்தன வருசமும் அடுக்குக் கட்டில்ல அப்பர்லதான் மாமா படுத்துக் கெடந்தேன்” என்றார் ஸ்டீபன்ராஜ்.

“அப்ப இந்தத் தடவ எறங்கிப் படுங்க மாப்ள.”

வாசற்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெலிண்டா தலை நிமிர்ந்து, “நெசமா வருவீங்களாப்பா?” என்று கேட்டார்.

“பின்ன? பெர்த்தக் காலியாவா விடுவாங்க?” என்றார் ரயில்வேக்காரர்.

இது போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இந்த ஞாயிறு காலை, பூசை முடிந்து வந்ததும் பெலிண்டா வாளியோடு மாடிக்கு வந்தார். நானும் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். ஸ்டீபன்ராஜ் வழக்கம்போலத் தன் சட்டையைத் தானே துவைத்துச் சுவரில் விரித்து, செங்கல்லைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பெலிண்டா மகளின் யூனிஃபாரத்தைக் கொடியில் போட்டு, பக்கத்தில் தன் புடவையை விரித்தார். கிளிப் மாட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

“எட்மன்டன்காரங்களுக்கு இன்னிக்கே மெயில் போட்டுடுங்க, வரலன்னு. ஆன்சிகிட்ட நான் பேசிக்கிறேன். அவ ரெண்டு நாளு கோச்சுப்பா, அப்புறம் சரியாயிடும்.”

ஸ்டீபன்ராஜ் அசையாமல் நின்றார். “அப்ப... அந்த ஆறு மாசம்?”

“என்ன ஆறு மாசம்? யாரு சொன்னா?” ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரல். “வேற வேல இல்ல உங்களுக்கு.”

வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஆறு மாசம் என்று அவர் சொன்னதற்கு நானே சாட்சி. ஆனால் இந்த வழக்கில் சாட்சி சொல்ல எனக்கு மனமில்லை.

ஸ்டீபன்ராஜ் தலையை வெட்டவில்லை. சற்று நேரம் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செங்கல்லை எடுத்து ஓரமாக வைத்தார். சுவரிலிருந்து ஈரச் சட்டையைத் தூக்கிக்கொண்டு கொடிக்குப் போனார். ஒரு பக்கம் மகளின் யூனிஃபாரத்தைக் கொஞ்சம் நகர்த்தினார், மறுபக்கம் மனைவியின் புடவையைக் கொஞ்சம் ஒதுக்கினார். நடுவில் விழுந்த இடத்தில் தன் சட்டையைப் போட்டு, சுருக்கம் நீவி, இரண்டு கிளிப்பை மாட்டினார்.