தன் பேரைச் சொல்லாதவள்

சக்கரவர்த்தி கடைத் தக்காளிக் குவியலை அபிதகுசாம்பாள் மூன்றாகப் பிரித்துவிட்டாள். லாரியில் சென்னை வரை தாங்கும் செங்காய் ஒருபக்கம், இன்றைக்கே குழம்பில் போட வேண்டிய பழம் ஒருபக்கம், மாட்டுக்கு ஆகிறது ஒருபக்கம். வாங்குவது என்னவோ அரைக் கிலோதான்.

“இன்னாம்மா, எங்கடையிலயும் வேலை பாத்துகினு கீற? சம்பளம் கேட்டுடாத!” என்றார் சக்கரவர்த்தி.

அவள் சிரிக்கவில்லை. களம்பூர் ரோட்டுக் காய்கறிக் கம்பெனியில் பதினோரு வருஷம் தரம் பிரித்த கை. சும்மா இருக்கத் தெரியாது. போன தை மாதம் இந்தக் கிடங்கையும் வந்தவாசிக் கிடங்கையும் ஒன்றாக்கி, தரம் பிரிக்க மிஷின் வைத்தார்கள். ஏழு பெண்களில் ஒருத்தி போதுமாம். மேனேஜர் கிரண் ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிட்டு, “உங்கள்ல யாருங்க கெட்டிக்காரி?” என்று கேட்டார்.

தன் வாயால் தன்னைச் சொல்லிக்கொள்வதா? சாமிக்கே அடுக்காது. “துர்கா நல்லா செய்யும் சார்” என்றாள். தன்னிடம் வேலை கற்ற பெண், திருப்பித் தன் பேரைச் சொல்லாமலா போவாள்? துர்கா உள்ளே போய், “நான்தான் சார்” என்றுவிட்டு வந்தாள். அபிதகுசாம்பாள் இப்போது மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றித் தெருவில் உள்ளவர்கள் பேரையெல்லாம் சொல்லி வேண்டிக்கொள்வாள். துர்கா பேர் வருகிற இடத்தில் இருமல் வந்துவிடும். துர்காவை ஏற்றிப்போக வரும் கம்பெனி வேன் சத்தம் கேட்டால் கோலத்தைப் பாதியில் விட்டு எழுந்து பார்ப்பாள். “கழுத்துல அட்டை மாட்டிகினா கலெக்டராமா?” என்பாள், யாரும் கேட்காமலே.

நேற்று அந்தத் துர்காவே வாசலில் வந்து நின்றாள், கையில் இரண்டு தக்காளியோடு.

“யக்கா, மிஷின் நல்லதுன்னு தள்றதுல பாதி, புழுன்னு சென்னையிலேர்ந்து திரும்பி வருது. இன்னொரு லோடு வந்துச்சின்னா என்னையும் வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. எதுல புழு கீதுன்னு எப்டிக்கா கண்டுபுடிப்ப?”

“எனக்கு இன்னாடி தெரியும்? நீதான கெட்டிக்காரி. போய் மிஷினக் கேளு.”

“பேஜார் பண்ணாதக்கா.”

அபிதகுசாம்பாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கை மட்டும் ஒரு தக்காளியை வாங்கியிருந்தது. காம்படிப் பச்சை இதழைக் கிள்ளிப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே ஒளிந்திருந்த ஊசிமுனைத் துளையில் கட்டைவிரல் நகத்தை வைத்து, துர்கா பக்கம் நீட்டிப் பிடித்திருந்தது.